மூன்று டிரம் தண்ணீரும் ஒரு பின் பிரேக் வால்வும்

இடம்: ரங்கூன். நாள்: 2025 ஜூலை 26, சனிக்கிழமை, காலை பத்தரை மணி.

பெயர்: பர்கத்துல்லா. அடையாள அட்டையில் உள்ள பெயர் உ ஹ்லா மின். தகப்பனார் பெயர்: ரஹ்மத்துல்லா, காலமாகிவிட்டார். வயது: 61. தொழில்: மோட்டார் மெக்கானிக், பிரேக் வேலை மட்டும். விலாசம்: பசுந்தாங், ஓடைப் பக்கத்துச் சந்து; கீழ்த்தளத்தில் பட்டறை, முதல் மாடியில் வீடு.

நான் மேற்படி விலாசத்தில் முப்பத்தெட்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குப் பர்மிய மொழி பேச வரும், பேச்சில் யாருக்கும் சளைத்தவன் இல்லை, ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பபேடானில் மதரசாவில் படித்த தமிழோடு என் படிப்பு முடிந்து, ஒன்பது வயதில் கையில் ஸ்பேனர் வந்துவிட்டது. இந்த மாதம் 18-ஆம் தேதி இதே போலீஸ் நிலையத்தில் பர்மிய மொழியில் எழுதிய ஒரு தாளில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள்தான் இப்போது மோகனை உள்ளே வைத்திருக்கிறது. அதனால் இன்று தமிழில் சொல்கிறேன். வக்கீல் ஆபீஸ் எழுத்தர் ஸமீரா தமிழில் எழுதி, எனக்குப் படித்துக்காட்டி, பிறகு பர்மிய மொழியில் பெயர்த்து இணைப்பதற்கு இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார். ஸமீராவுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. எனக்கும் அவசரமில்லை.

மோகன் என்பவர் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அம்சவேணியின் ஒரே மகன். வயது இருபத்தாறு. மோகனின் அப்பா பர்மியர், இறந்து பல வருடம் ஆகிறது. அம்சவேணி ஆப்பம் சுட்டு விற்கிறவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார், அந்த முறையில் மோகன் என்னை மாமா என்பான். நான் அவனை இடுப்பில் தூக்கி வைத்திருந்தவன், ஆகவே இனி அவன் இவன் என்றே சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளவும். அவனிடம் உள்ளது 1993-ஆம் வருட மாடல் ஜப்பான் சரக்கு வேன். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் வெங்காயம், பருப்பு மூட்டை ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவன் பிழைப்பு.

ஜூலை 14-ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மோகன் அந்த வேனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். பாரம் ஏற்றினால் பிரேக் இளகி நிற்கிறது என்றான். நான் அடியில் படுத்துப் பார்த்தபோது பின் பிரேக்குக்குப் போகும் பிரஷர் வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது. அந்த வால்வு என்ன செய்யும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அது வண்டியின் அடிப்பாகத்தில் இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்குப் போகும். பாரம் ஏறி வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால் கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரங்களுக்குப் பிரேக் அதிகமாகப் போகும். பாரம் இறங்கி வண்டி உயர்ந்தால் பிரேக் குறைந்துபோகும். காலி வண்டிக்குப் பின்னால் அதிகப் பிரேக் போனால், ஈர ரோட்டில் பின் சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த வால்வு. வேறு வேலை அதற்குக் கிடையாது.

அதன் பிறகு பழையதைக் கழற்றிவிட்டு, என்னிடம் இருந்த புது வால்வைப் பொருத்தினேன். பொருத்துவது அரை மணி நேர வேலை. அளவு வைப்பதுதான் வேலை. வண்டிக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறதோ அவ்வளவும் ஏற்றி வைத்துக்கொண்டு, முன் பிரேக்கில் ஒரு மீட்டரும் பின் பிரேக்கில் ஒரு மீட்டரும் மாட்டி, பெடலை அழுத்தி, முன் மீட்டர் எண்பதில் நிற்கும்போது பின் மீட்டர் அறுபதில் நிற்கும்படி அந்தக் கம்பியின் நட்டைத் திருகிவைக்க வேண்டும். பிறகு பாரத்தை இறக்கிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும், அப்போது பின் மீட்டர் முப்பத்தைந்துக்கு வந்துவிட வேண்டும். இரண்டு தடவையும் பார்க்காதவன் பிரேக் மெக்கானிக் இல்லை என்று நானே பலபேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த வேனுக்குப் பாரம் அறுநூறு கிலோ. முன்பெல்லாம் மணல் மூட்டை வைத்திருந்தேன், சாக்கு இற்றுப்போய்விட்டது. இப்போது தண்ணீர் டிரம்தான். கரண்டு ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வருகிறது, அதுவும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, கரண்டு இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. அதனால் எங்கள் கட்டடத்தில் எல்லோரிடமும் நீல நிற டிரம் உண்டு. பட்டறையில் மூன்று டிரம் இருக்கிறது. ஒரு டிரம் இருநூறு லிட்டர், ஒரு லிட்டர் ஒரு கிலோ. தராசு இல்லாமலே எடை சரியாக இருக்கும். இந்த முறையை நானே கண்டுபிடித்து, அதைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

அன்று காலை எட்டு மணிக்குக் கரண்டு இருந்தது. நானும் மோகனும் மூன்று டிரம்மையும் வேனுக்குள் ஏற்றி, டியூப் போட்டு விளிம்புவரை நிரப்பினோம். ஒன்பது மணிக்குக் கரண்டு போய்விட்டது. வோல்டேஜ் குறைவாக இருந்ததால் அன்று காலையில் தண்ணீர் இரண்டாவது மாடிக்கு மேல் ஏறவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அளவு வைத்து முடித்தபின் பிரேக்கில் காற்று எடுக்க ஆயில் மீதி இல்லாததால் மோகனைப் பஸ்ஸில் பபேடானுக்கு அனுப்பினேன். என்னிடம் வேலைக்கு இருந்த இரண்டு ஆட்களும் பாங்காக் போய் ஒரு வருடம் ஆகிறது. பெடல் மிதிக்க ஆள் இல்லை. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்க்ரூ ஜாக்கியை முட்டுக்கொடுத்துப் பெடலை அழுத்திக்கொண்டேன். ஒவ்வொரு தடவை அளவு பார்க்கவும் அடியிலிருந்து வெளியே வந்து, ஜாக்கியைத் தளர்த்தி, மறுபடி முறுக்கி, மறுபடி அடியில் போகவேண்டும். என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் அது லேசான காரியம் இல்லை.

வேன் நின்ற விதத்தையும் சொல்லவேண்டும். அதன் சறுக்குக் கதவு திறந்து, கட்டடத்தின் மாடிப்படியைப் பார்த்தபடி இருந்தது. நான் ஏறி இறங்கியது மறுபக்கத்தில், டிரைவர் சீட்டுப் பக்கம். எதிர்க் கடையின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு சத்தம் எதுவும் காதில் விழவில்லை.

முதல் தடவை பின் மீட்டர் ஐம்பத்தைந்து காட்டியது. நட்டைத் திருகி அறுபதுக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு பெடலைத் தளர்த்தி மறுபடி அழுத்தியபோது ஐம்பத்தெட்டில் நின்றது. மறுபடி திருகினேன். அதன் பிறகு பார்த்தால் ஐம்பத்தேழு. இப்படியே ஒன்றரை மணி நேரம், நான் ஏற்ற ஏற்ற அது இறங்கிக்கொண்டே இருந்தது. புது வால்வு, ஸ்பிரிங் இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வால்வையும் அதைச் செய்தவனையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் அறுபதில் நின்றது, நட்டைப் பூட்டினேன்.

இதற்கிடையில் வண்டிக்கு அடியில் இருந்தபடியே நான் ஒன்றைப் பார்த்தேன். மாடிப்படிப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடிக் கால் வேன் கதவுவரை வந்து நின்று, திரும்பிப் போயிற்று. பிறகு மறுபடி வந்தது. அந்தச் செருப்பில் ஒரு கால் பட்டை சிவப்பு, ஒரு கால் பட்டை பச்சை. அறுந்துபோனதற்கு வேறு செருப்பின் பட்டையைப் போட்டுத் தைத்தது. எங்கள் சந்தில் அப்படி ஒரு செருப்புதான் இருக்கிறது. எங்கள் சந்தில் கால்கள் நாள் முழுக்க வந்துபோகும், அதனால் நான் கவனம் வைக்கவில்லை.

அதன் பிறகு பன்னிரண்டரை மணிக்கு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் கரண்டு வந்தது. "மீ லா பீ!" என்று சந்து முழுக்க ஒரே கத்தல். கரண்டு வந்துவிட்டது என்ற அந்தக் கத்தல் கேட்டால் இந்த ஊரில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடாதவர் யாரும் இல்லை. மேலிருந்து என் மனைவி மைமூன் கூப்பிட்டாள், நான் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, வீட்டுத் தொட்டி நிறையும்வரை மேலேயே இருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும்.

இறங்கி வந்தபோது மோகன் திரும்பியிருந்தான். பக்கத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு டிரம்களை இறக்கி, தண்ணீரைக் கீழ்த்தொட்டியில் ஊற்றிவிட்டு, புறப்படத் தயாராக நின்றான். இரண்டு மணிக்குப் படகுத்துறையில் சரக்கு காத்திருந்தது. "மாமா, அதுல ஒரு டிரம் பூ மாதிரி இருந்துச்சு, தண்ணியே இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். எங்கள் கட்டடத்தில் டிரம்மில் தண்ணீர் நிற்குமா என்றேன்.

முப்பத்தெட்டு வருட மெக்கானிக்குக்கு அந்த ஒரு சொல் போதும். மீட்டர் ஏன் இறங்கிக்கொண்டே இருந்தது என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அது மட்டுமில்லை, மீட்டர்கள் இன்னும் வண்டியில் மாட்டியபடியேதான் இருந்தன, காலி வண்டியின் அளவைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும், பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். எனக்குப் பசி, முழங்கால் வலி, அவனுக்கு அவசரம். நான் மீட்டரைக் கழற்றி, பிரேக்கில் காற்று எடுத்து, போய் வா என்று அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு மூன்று நாள் வண்டி ஓடியது. சரக்கோடு ஓடும்போது பழுது வெளியே தெரியாது. ஜூலை 17-ஆம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, நல்ல மழையில், வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டு மோகன் காலி வண்டியோடு க்யிம்யிண்டைங் மார்க்கெட் பக்கம் வந்தபோது, ஒரு நாய் குறுக்கே வந்ததாகவும், பிரேக் போட்டதாகவும், வண்டி நேரே நிற்காமல் பின்புறம் சுற்றிப்போய் ஓரத்தில் நின்ற சைக்காவின், அதாவது பக்கத்தில் சீட்டு வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவின் மேல் மோதியதாகவும் அவன் சொல்கிறான். சைக்கா ஓட்டும் உ தெயின் என்பவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் அவரைப் போய்ப் பார்த்தேன். வண்டி முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டிக்கொண்டு தன் மேல் வந்தது என்று அவரும் சொன்னார். அவர் காலைப் பார்த்தேன், கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் 18-ஆம் தேதி என்னை நிலையத்துக்குக் கூப்பிட்டு, வண்டியில் பிரேக் ஒழுங்காக இருந்ததா என்று கேட்டார்கள். நான்கு நாளுக்கு முன்னால்தான் என் கையால் புது வால்வு போட்டேன், ரங்கூனில் அதற்கு மேல் யாரும் ஒழுங்காகப் போடமுடியாது என்று சொன்னேன். பெருமையில் சொன்னேன். மோகனுக்கு அது நல்லது என்றுகூட நினைத்தேன். அவர்கள் எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். பிரேக் சரியாக இருந்தது, ஆகவே ஓட்டியவன் கண்மண் தெரியாத வேகத்தில் வந்திருக்கிறான் என்று அதை வைத்து முடிவாயிற்று. அன்றிலிருந்து அவன் லாக்கப்பில் இருக்கிறான். அவனுக்கு இருபத்தாறு, பட்டாளத்தில் கட்டாயமாகச் சேர்க்கப் பெயர் எடுக்கிற வயது. அந்த வயதுப் பிள்ளை வீட்டுக்கு வெளியே இப்படி மாட்டிக்கொண்டு இருப்பது பெற்றவளுக்கு என்ன பயம் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இந்த வரியை எழுதவேண்டாமே என்று ஸமீரா சொன்னார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு 22-ஆம் தேதி, இன்ஸ்பெக்டர் அனுமதியோடு, நிலையத்துக் கொட்டகையில் நிற்கும் அந்த வேனில் என் மீட்டர்களை மாட்டிப் பார்த்தேன். வண்டி காலி. முன் மீட்டர் எண்பது, பின் மீட்டர் நாற்பத்து நான்கு. முப்பத்தைந்து இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்து நான்கு. அந்த ஈர ரோட்டில் எமனே ஓட்டியிருந்தாலும் வண்டி சுற்றியிருக்கும். இன்னொரு தடவை பெடலை அழுத்திப் பார்த்தேன், அதே அளவு. அப்போதுதான் மோகன் சொன்ன டிரம் ஞாபகம் வந்தது, அதன் பிறகு சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு வாளி தண்ணீர் போகும்போதும் வண்டி கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, மீட்டர் இறங்கியிருக்கிறது, நான் அதைத் துரத்தித் துரத்தி நட்டைத் திருகியிருக்கிறேன்.

இது தெரிந்த பிறகும் நான்கு நாள் நான் நிலையத்துக்கு வரவில்லை. காரணம் கேட்டார்கள். பயம், ஒன்று. இந்த வயதில் நான் உள்ளே போனால் மைமூனை யார் பார்ப்பார்கள் என்பது ஒன்று. இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் முடிக்க நினைத்தேன். டிரம்மிலிருந்து யாரோ தண்ணீர் எடுத்தார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். யார், எவ்வளவு என்று இல்லாமல் எழுதினால், வேண்டிய பையனைக் காப்பாற்ற மெக்கானிக் கட்டிய கதை என்று தள்ளிவிடுவார்கள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் சொல்வது நியாயம்தான்.

தண்ணீர் எடுத்தது அம்சவேணி, மோகனின் தாயார். மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாததால் மறுநாள் மாவு அரைக்கவும் வீட்டுப் புழக்கத்துக்கும் எடுத்திருக்கிறார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. என் டிரம்மில் தண்ணீர் இருந்தால் என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள் என்று சொன்னவனே நான்தான், சொல்லி மூன்று வருடம் ஆகிறது. டிரம் வேனுக்குள் இருந்தால் அது தண்ணீர் இல்லை, எடை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். டிரம்மின் வாயையாவது மூடிக் கட்டியிருக்கலாம். எத்தனை வாளி என்று எனக்குத் தெரியாது, கால்கள் வந்துபோனதை வைத்து ஏழெட்டு வாளி இருக்கும் என்று சொல்கிறேன், அவர் வாளி இருபது லிட்டர் பிடிக்கும். அவருக்கு இன்றுவரை இது தெரியாது. நானும் சொல்லவில்லை. தினமும் பிள்ளைக்குச் சோறு எடுத்துக்கொண்டு இங்கே வருகிறார், வழியில் என்னைப் பார்த்தால், உங்க கையால பிரேக் போட்டும் இப்படி ஆயிடுச்சே அண்ணே என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது: வால்வின் அளவு தப்பாக இருந்தது, தப்பு என்னுடையது, என் 18-ஆம் தேதி வாக்குமூலம் இந்த அளவில் உண்மை இல்லை. மோகன் வண்டியை ஒழுங்காக ஓட்டினான். எனக்கு என்ன தண்டனையோ அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கோர்ட்டில் இந்தத் தாளைப் படிக்கும்போது, தண்ணீர் எடுத்த பகுதியை மட்டும் அம்சவேணி வெளியே இருக்கும் நேரத்தில் படிக்கவேண்டும். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று ஸமீரா சொன்னார். இருந்தாலும் என் வேண்டுகோளை எழுதச் சொன்னேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டது, செய்தது, செய்யாமல் விட்டது. யார் சொல்லியும் சொல்லவில்லை. இந்தத் தடவை முழுவதும் தமிழில் படித்துக்காட்டக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

படித்துக்காட்டியபோது சேர்த்தது: கரண்டு இல்லாமல் மின்விசிறி நின்றிருந்ததால் அறையின் கதவு திறந்திருந்தது. ஸமீரா சத்தமாகப் படித்தார். வெளியே பெஞ்சில் மோகனுக்குச் சோறு கொண்டுவந்த அம்சவேணி உட்கார்ந்திருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஏழெட்டு வாளி என்ற இடம் வந்தபோது அவர் எழுந்து வந்து வாசலில் நின்றார். கையில் டிபன் கேரியர் இருந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் ஸமீராவைப் பார்த்துச் சொன்னது:

"ஏழெட்டு இல்லம்மா. பதினொண்ணு. மூணு மாடி ஏறினவளுக்குத் தெரியாதா? பதினொண்ணுன்னு எழுது."

அதன்படி ஏழெட்டு என்பது அடிக்கப்பட்டுப் பதினொன்று என்று திருத்தப்பட்டது. பதினொரு வாளி, இருநூற்று இருபது கிலோ. இப்போது காலியாகக் கிடந்த டிரம்முக்கும் மீட்டர் காட்டிய அளவுக்கும் கணக்குச் சரியாக வருகிறது. என் கடைசி வேண்டுகோளையும் அடித்துவிடச் சொன்னேன், இனி அது தேவையில்லை.

(ஒப்பம்) பர்கத்துல்லா

திருத்தத்துக்குச் சாட்சி: அம்சவேணி, இடது கைப் பெருவிரல் ரேகை.
எழுதிப் படித்துக்காட்டியவர்: ஸமீரா.